இரண்டு மருத்துவர் கிளினிக்குக்கு எந்த மின்னணுப் பதிவேடு?

ஒன்பது மாதங்களுக்கு முன் வந்துபோன சர்க்கரை நோயாளி ஒருவர், கையில் எந்தச் சீட்டும் இல்லாமல் எதிரே வந்து அமர்ந்து, “போன தடவை குடுத்த அதே மாத்திரையவே எழுதிக் குடுங்க டாக்டர்” என்கிறார். வெளியே பதினைந்து பேர் டோக்கனோடு காத்திருக்கிறார்கள். அப்போது எழுதிய மாத்திரைகள் எவை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிப்பின் சாப்பிட்டுக் கால் வீங்கியதால் மருந்தை மாற்றியது இவருக்கா, வேறொருவருக்கா என்ற கேள்விகளுக்கு அந்த முதல் நிமிடத்திலேயே விடை வேண்டும். மின்னணு மருத்துவப் பதிவேட்டு மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்த மூன்று மாதங்களிலும் நான் கையில் வைத்திருந்த அளவுகோல் இந்த ஒரு நிமிடம்தான். விற்க வருபவர்கள் காட்டும் திரையில் புதிய நோயாளியைப் பதிவுசெய்வது எப்போதும் அழகாகவே இருக்கும். பழைய நோயாளி திரும்பி வரும்போது அந்தத் திரை என்ன சொல்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது.

எங்கள் கிளினிக் தென் தமிழகத்தின் ஒரு தாலுகா தலைநகரில் இருக்கிறது. பொது மருத்துவர்கள் இருவர், செவிலியர் இருவர், வரவேற்பில் ஒருவர், உள்ளேயே ஒரு சிறிய மருந்தகம். நாளொன்றுக்கு அறுபது முதல் எண்பது புறநோயாளிகள் வருகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருபவர்கள். படுக்கை வசதியுள்ள மருத்துவமனைக்கும் பல் மருத்துவமனைக்கும் தேவைகள் வேறு. இங்கே சொல்வது எங்களைப் போன்ற கிளினிக்குகளுக்கு மட்டுமே பொருந்தும்.

எங்கள் முன் இருந்த முதல் வழி, எதையும் மாற்றாமல் காகிதத்திலேயே தொடர்வது. இதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையால் மருந்து எழுதுவதைவிட வேகமான மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடித்தால்கூட, எழுபது பேர் வரும் நாளில் எழுபது நிமிடங்கள் போய்விடும். அந்த நேரம் மருத்துவரின் இரவு உணவிலிருந்தோ கடைசியாக வந்த நோயாளியிடமிருந்தோதான் பிடுங்கப்படும். அமெரிக்காவில் 57 மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, நோயாளியோடு நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மின்னணுப் பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று கண்டது. அங்குள்ள காப்பீட்டு எழுத்து வேலை நமக்கு இல்லை என்றாலும், திரை மருத்துவரின் கண்ணை நோயாளியிடமிருந்து திருப்பிவிடும் என்ற எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்.

ஆனால் காகிதத்துக்குத் தன்னிடம் உள்ளதைத் திருப்பிக் கேட்கத் தெரியாது. 2013 ஜூன் மாதத்தில் மத்திய அரசு பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மருந்தின் விற்பனையை நிறுத்திவைத்து, ஜூலை இறுதியில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட நாட்களில், எங்களிடம் அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்க, அலமாரியிலிருந்த ஃபைல்களை இரவு இரவாக ஒவ்வொன்றாகப் புரட்டினோம். பாதிப் பேரைக் கண்டுபிடிப்பதற்குள் தடையே போய்விட்டது. ஒரு மருந்து திரும்பப் பெறப்படும்போது அதைச் சாப்பிடுபவர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் ஐந்து நிமிடங்களில் கைக்கு வர வேண்டும். காகிதத்தை நாங்கள் கைவிட முடிவுசெய்ததற்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. சட்டமும் அந்தத் திசையிலேயே நிற்கிறது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று சொல்வதோடு, பதிவுகளைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்றும் கூறுகின்றன. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட மின்னணு சுகாதாரப் பதிவுத் தரநிலைகளோ ஒருவரின் ஆயுள் முழுவதும் அவருடைய பதிவு அழியாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன.

மென்பொருள்களைத் தனித்தனியாகப் பார்ப்பதற்கு முன், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். அது பெயர்ச் சோதனை. எங்களிடம் வரும் முருகேசன்களை வரவேற்பில் இருக்கும் பெண் ஊர் பெயராலும், தொழிலாலும், “லாரிக்காரர்”, “வாத்தியார்” என்றும் பிரித்து நினைவில் வைத்திருக்கிறார். மேல்நாட்டு மென்பொருள்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கட்டாயமாக இருக்கும். நம்மவர்களின் முன்னெழுத்தை ஒருநாள் ஒருவர் முதல் கட்டத்திலும், மறுநாள் இன்னொருவர் இரண்டாம் கட்டத்திலும் போடுவார், ஒரே மனிதருக்கு இரண்டு பதிவுகள் உருவாகிவிடும். லட்சுமி, லெட்சுமி, இலக்குமி ஆகிய மூன்றும் ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக மாறும். தொலைபேசி எண்ணை வைத்துத் தேடலாம் என்றால், வீட்டில் நான்கு பேருக்கும் மகனுடைய ஒரே எண்தான். பிறந்த தேதி கட்டாயம் என்று மென்பொருள் அடம்பிடித்தால், “அறுபது இருக்கும்” என்று சொல்லும் பாட்டிகள் எல்லோரும் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்களாகிவிடுவார்கள். ஆகவே நாங்கள் எங்கள் நோயாளிகளில் குழப்பம் தரக்கூடிய இருபது பெயர்களைத் தேர்ந்து, பிற விவரங்களை மாற்றி, ஒவ்வொரு மென்பொருளிலும் ஏற்றி, வரவேற்புப் பெண்ணையே தேடச் சொன்னோம். தோராய வயதை ஏற்றுக்கொள்ளாத, ஊர் பெயரைத் தேடல் முடிவிலேயே காட்டாத இரண்டு மென்பொருள்கள் அன்றே வெளியேறின. தவறான நோயாளியின் பக்கத்தைத் திறந்து மருந்து எழுதுவதைவிடப் பெரிய ஆபத்து புறநோயாளிப் பிரிவில் வேறில்லை என்பதால், இதை நான் எல்லா வசதிகளுக்கும் மேலாக வைக்கிறேன்.

இரண்டாவது வழி, திறமூல மென்பொருளை, அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருளை, நமது சொந்த சர்வரில் நிறுவிக்கொள்வது. இதில் மூன்று பெயர்கள் முக்கியமானவை. 2004இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ், கென்யா போன்ற நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சைக்காக வளர்ந்தது. அதை அடித்தளமாகக் கொண்டு, சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகிலுள்ள கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் மருத்துவமனையின் தேவைக்காக தாட்ஒர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தினர் உருவாக்கியது பாஹ்மினி. மருத்துவக் குறிப்புக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், ஆய்வகத்துக்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கும் மருந்துக் கையிருப்புக்கும் ஓடூ என்று தனித்தனி மென்பொருள்களை அது ஒன்றாகக் கோத்துத் தருகிறது. சிறு கிளினிக்குகளுக்கென்றே பாஹ்மினி லைட் என்ற எளிய வடிவமும் உண்டு. மூன்றாவதான ஓப்பன்இஎம்ஆர், அமெரிக்கத் தனி கிளினிக்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன் பில் பகுதி அங்குள்ள காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது, மருந்துப் பட்டியலும் அந்நாட்டுத் தொகுதியிலிருந்து வருவதால் நமது கூட்டு மாத்திரைகளின் வணிகப் பெயர்களை அது அறியாது. நம் மருந்துகளை நாமே ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை இல்லை.

பாஹ்மினியை நான் விரும்பினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிராமப்புற மருத்துவர்கள் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் செய்யவைத்த மென்பொருள் என்பது அதன் திரையிலேயே தெரிகிறது. சர்க்கரை நோயாளியின் பக்கத்தைத் திறந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் கிரியாட்டினினும் தேதி வரிசையில் அட்டவணையாகவும் வரைபடமாகவும் ஒரே பார்வையில் கிடைக்கும்படி அமைத்துக்கொள்ள முடிந்தது. உரிமத்துக்குப் பணம் இல்லை. தரவு முழுவதும் நம்மிடமே இருக்கும். ஆயினும் இதைப் பேணுவதற்கு லினக்ஸும் தரவுத்தளமும் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். 2018இல் ஓப்பன்இஎம்ஆரில் இருபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள், மேம்படுத்துநர்களும் உடனே அடைத்தார்கள். அந்தத் திருத்தத்தைத் தங்கள் சர்வரில் யாரும் நிறுவாத கிளினிக்குகளின் ஓட்டைகள் அப்படியே இருந்திருக்கும். எங்கள் ஊரில் அப்படி ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைப்பது இரு மருத்துவர்களால் இயலாது. ஐந்தாறு மருத்துவர்கள், சொந்த ஆய்வகம், ஒரு கணினிப் பணியாளர் என்று இருக்கும் இடமாக இருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

சொந்தக் கணினியில் நிறுவும் வழியிலேயே இன்னொரு கிளை உண்டு: உள்ளூர் நிரலாளர் ஒருவர் எழுதித் தரும் மென்பொருள். மலிவு, தமிழில் பேசலாம், கேட்ட மாற்றத்தை மாலைக்குள் செய்துவிடுவார். என் நண்பரான மருத்துவர் ஒருவர் ஏழு ஆண்டுகள் இப்படி ஒன்றைப் பயன்படுத்தினார். எழுதியவர் வெளிநாடு போனார். ஒரு மழைக்காலத்தில் ஹார்ட் டிஸ்க் போனது. பென் டிரைவில் இருந்த பேக்கப்பைத் திறக்க வேண்டிய கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. நான் அங்கே போனபோது, ஏழாண்டுப் பதிவுகள் உள்ளே இருந்த அந்தச் சின்னக் கருவியை அவர் மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து, எந்த மென்பொருளாக இருந்தாலும், பேக்கப் எடுக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் என் கண் முன்னே திறந்து காட்டச் சொல்கிறேன். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கியபோது, நாட்டின் முதன்மையான மருத்துவமனையே நாட்கணக்கில் கையால் எழுதி வேலை பார்க்க நேர்ந்தது. தாலுகா ஊரில் இருக்கும் நமக்கு அது வராது என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

மூன்றாவது வழி, மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா கட்டி, நிறுவனத்தின் கிளவுட் சர்வரில் இயங்கும் மென்பொருளைப் பயன்படுத்துவது. பெங்களூரைச் சேர்ந்த பிராக்டோ நிறுவனத்தின் ‘ரே’ என்ற மென்பொருள் போன்றவை இந்த வகை. சர்வர் வாங்க வேண்டாம், திருத்தங்கள் தாமாக வரும், பேக்கப் நிறுவனத்தின் பொறுப்பு, இந்திய மருந்துகளின் வணிகப் பெயர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும். இந்த வகையில் மூன்றை நாங்கள் முயன்று பார்த்தோம். மருந்துச் சீட்டு எழுதும் வேகத்தில் மூன்றும் நன்றாகவே இருந்தன. “1-0-1, சாப்பாட்டுக்குப் பின்” என்பதை இரண்டு தொடுதல்களில் எழுத முடிந்தது. வேறுபாடு வேறு இரண்டு இடங்களில் தெரிந்தது.

ஒன்று, தமிழ். திரையில் தமிழ் சரியாகத் தெரிந்த ஒரு மென்பொருள், சீட்டை அச்சிடும்போது “காலை உணவுக்கு முன்” என்பதில் உள்ள கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்துப் போட்டது. படிக்கத் தெரிந்த பேத்தி படித்துக்காட்டும் அந்தச் சீட்டை நம்பித்தான் பாட்டி இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இது அழகு பற்றிய குறை இல்லை.

மற்றொன்று, ஆய்வக முடிவுகள். ஒரு மென்பொருள் ரிப்போர்ட்டைப் படமெடுத்துச் சேர்த்துவைக்கும். இன்னொன்று ஒவ்வொரு எண்ணையும் எண்ணாகவே வாங்கிக்கொள்ளும். முதலாவது செவிலியருக்கு எளிது, பத்து நொடியில் முடிந்துவிடும். ஆனால் ஒருவருடைய கிரியாட்டினின் 0.9, அடுத்த ஆண்டு 1.1, பிறகு 1.4 என்று ஏறும்போது, ஒவ்வொரு காகிதத்திலும் அது ஏறத்தாழ இயல்பாகவே தோன்றும். மூன்றையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தால்தான் சிறுநீரகம் களைத்து வருவது தெரியும். கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன் (eGFR) 45க்குக் கீழே போகும்போது, சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினின் அளவைக் குறைக்கவும், 30க்குக் கீழே போனால் நிறுத்தவும் வேண்டும். படங்களாக அடுக்கிவைத்த ரிப்போர்ட்டுகள் இதை ஒருபோதும் எடுத்துச் சொல்லா. எனவே சர்க்கரை நோயாளிகள் மிகுந்த கிளினிக்கில், ஐந்தே ஐந்து எண்களையாவது எண்ணாகப் பதியும் மென்பொருளைத்தான் தேர வேண்டும்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின், ரத்த அழுத்தம், எடை, சிறுநீர்ப் புரதம். நோயாளியின் பிரச்சினைகளை வரிசையிட்டு அவற்றைச் சுற்றிப் பதிவை அமைக்க வேண்டும் என்று 1968இலேயே அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் எழுதினார். கணினி வந்தும் பல மென்பொருள்கள் இன்னும் தேதி வாரியாகத் தாள்களை அடுக்குவதோடு நின்றுவிடுகின்றன.

கிளவுட் வழியின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இணையம் போனால் எல்லாம் போகும். மின்சாரத்துக்கு இன்வெர்ட்டர் இருப்பதுபோல் இணையத்துக்கும் கைப்பேசி வழியான ஒரு மாற்று வேண்டும். அதையும் மீறி இரண்டு இணைப்புகளும் அறுந்த நேரத்தில் அன்றைய டோக்கன் வரிசையும் பழைய மருந்துப் பட்டியலும் கணினியிலேயே இருக்குமா என்று கேட்டதற்கு, மூன்றில் ஒரு நிறுவனம் மட்டுமே நேரடியாக ஆம் என்று சொல்லி, ரவுட்டரை அணைத்துவிட்டு எழுதியும் காட்டியது.

நான்காவது, இலவசச் செயலிகள். மருத்துவருக்குக் கட்டணமே இல்லை என்று சொல்லும் எந்த மென்பொருளிடமும் நான் கேட்பது, சர்வர் வாடகையை யார் கட்டுகிறார்கள் என்பதைத்தான். இது வீண் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் பிராக்டிஸ் ஃபியூஷன் என்ற நிறுவனம் மின்னணுப் பதிவேட்டை விளம்பர வருவாயில் இலவசமாகத் தந்து பல்லாயிரம் மருத்துவர்களைச் சேர்த்தது. அடிமைப்படுத்தக்கூடிய ஓப்பியாய்டு வகை வலிமருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றிடம் பணம் வாங்கிக்கொண்டு, மருத்துவரின் திரையில் தோன்றும் சிகிச்சை ஆலோசனைக் குறிப்புகளை அந்த மருந்துகளுக்குச் சாதகமாக வடிவமைத்தது அம்பலமாகி, 2020 ஜனவரியில் 145 மில்லியன் டாலர் கட்ட அது ஒப்புக்கொண்டது. நோயாளியின் வலியைப் பற்றி மருத்துவர் யோசித்துக்கொண்டிருந்த அந்த நொடியில், அவர் கேட்காத ஒருவர் திரைக்குள்ளிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தியாவில் உள்ள இலவசச் செயலிகள் எல்லாம் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை; வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதை எழுத்தில் தராத ஒன்றை என் நோயாளிகளின் பெயர்களோடு சேர்த்துவைக்க மாட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைச் சேகரிக்கும் நாம்தான் பொறுப்பாளர். நமக்காக அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் தவறுக்கும் நாமே பதில் சொல்ல வேண்டும். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது அந்தச் சட்டம்.

சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளிகளின் பதிவுகளை மருத்துவமனைகளுக்கிடையே இணைக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட பின், ஏறத்தாழ எல்லா விற்பனையாளர்களும் அதனோடு இணைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். நோயாளிக்கு அதில் தரப்படும் 14 இலக்க ஆபா அடையாள எண்ணைப் பதிவுசெய்ய முடிவது தொடக்கம் மட்டுமே. நோயாளியின் சம்மதத்தோடு நமது சீட்டை இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பவும், அங்கிருந்து டிஸ்சார்ஜ் குறிப்பை வாங்கவும் முடிகிறதா என்பதுதான் உண்மையான இணைப்பு. இதைச் சொல்லக் கேட்பதோடு நிற்காமல், செய்து காட்டச் சொல்ல வேண்டும். 2017இல் அமெரிக்காவின் இகிளினிக்கல்ஒர்க்ஸ் என்ற மின்னணுப் பதிவேட்டு நிறுவனம் 155 மில்லியன் டாலர் கட்டி முடித்துக்கொண்ட வழக்கில், சான்றிதழ்ச் சோதனைக்குத் தேவையான 16 மருந்துக் குறியீடுகளை மட்டும் மென்பொருளில் நேரடியாக எழுதிவைத்துத் தேறியது என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. சோதனையில் வரும் மருந்துகளைத் தெரிந்திருந்த அது, நோயாளிக்கு எழுத வேண்டிய மருந்துகளைத் தெரிந்திருக்கவில்லை.

விலையைப் பற்றி அதிகம் சொல்லவில்லை என்று தோன்றலாம். சந்தாத் தொகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன; செவிலியருக்கும் மருந்தகத்துக்கும் தனிக் கணக்கு கேட்கிறார்களா, குறுஞ்செய்திக்குத் தனியே வாங்குகிறார்களா என்ற இரண்டையும் கேட்டுவிட்டால் பெரும்பாலான மறைகட்டணங்கள் வெளியே வந்துவிடும். விலகும்போது ஆகும் செலவு அதைவிடப் பெரியது. “உங்கள் தரவு உங்களுடையதே, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்” என்று மூவரும் சொன்னார்கள். எடுத்துத் தரச் சொன்னபோது, ஒருவர் நோயாளிக்கு ஒரு பிடிஎஃப் கோப்பாகத் தந்தார். பதினாயிரம் நோயாளிகளின் பதினாயிரம் கோப்புகளை வேறெந்த மென்பொருளும் உள்ளே வாங்காது. அது அலமாரியை மீண்டும் காகிதமாக்கித் தருவதற்குச் சமம். இன்னொருவர் பெயர்களையும் எண்களையும் மட்டும் தந்தார், மருந்துகள் வரவில்லை. மூன்றாமவர் நோயாளி, வருகை, மருந்து, ஆய்வு எண் ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாக, ஒன்றோடொன்று இணைக்கும் அடையாள எண்ணோடு தந்தார். அவற்றை எக்செல்லில் திறந்து, மெட்பார்மின் சாப்பிடுபவர்களின் பட்டியலை நானே எடுக்க முடிந்தது.

நாங்கள் அந்த மூன்றாவதைத் தேர்ந்தோம். அது திரை அழகில் கடைசி, விலையில் நடுவில். ஒப்பந்தத்தில், விலகினால் முப்பது நாட்களுக்குள் முழுத் தரவையும் அதே அட்டவணை வடிவில் தர வேண்டும், பிறகு தங்களிடமுள்ள நகலை அழித்ததை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், நோயாளிகளின் தரவைப் பெயர் நீக்கியும்கூட எவருக்கும் விற்கக் கூடாது என்ற மூன்று வரிகளைச் சேர்க்கச் சொன்னோம். கடைசி வரிக்கு அவர்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு வாரமும் நாங்கள் முன்பணம் கொடுக்கவில்லை.

ஒரே மருத்துவர், நாளுக்கு இருபது முப்பது நோயாளிகள் என்ற அளவில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. நோயாளியே கொண்டுவரும் நோட்டும், கிளினிக்கில் ஒவ்வாமைக்கும் நீண்டகால மருந்துகளுக்கும் வைத்திருக்கும் ஒரு எக்செல் பட்டியலும் அவர்களுக்குச் சில ஆண்டுகளுக்குப் போதும். நாங்களும் நோயாளியின் நோட்டை நிறுத்தவில்லை. அச்சிட்ட சீட்டை அதிலேயே ஒட்டித் தருகிறோம், ஏனென்றால் நள்ளிரவில் நெஞ்சுவலியோடு அவர் போய் நிற்கும் மருத்துவமனையில் நமது மென்பொருள் திறக்காது, நோட்டு திறக்கும்.

பழைய ஃபைல்களை முழுவதும் ஏற்ற முயல்வதுதான் பல கிளினிக்குகள் பாதியில் கைவிடுவதற்குக் காரணமாகிறது. நாங்கள் ஏற்றுவது நான்கைத்தான்: நோய்களின் பட்டியல், ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மருந்துகள், கடைசி மூன்று ஆய்வு எண்கள். அதையும் மொத்தமாக உட்கார்ந்து ஏற்றவில்லை. நாளைக்கு வர வேண்டியவர்களின் ஃபைல்களை இன்று மாலை செவிலியர் எடுத்துவைத்து, கூட்டம் குறைந்த நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று பதிகிறார். மாதந்தோறும் வரும் சர்க்கரை நோயாளிகள் இப்படி ஏறத்தாழ ஆறு வாரங்களில் உள்ளே வந்துவிட்டார்கள். இப்போது செவிலியர் வெளியிலேயே எடையும் ரத்த அழுத்தமும் பார்த்துப் பதிந்துவிடுவதால், நோயாளி உள்ளே வந்து நாற்காலியை இழுத்து அமர்வதற்குள் அவருடைய பழைய மருந்துகளும் கிரியாட்டினின் கோடும் எனக்கு முன்னால் இருக்கின்றன. பார்த்துவிட்டுத் திரையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறேன்.